என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை வருடமாக?

திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால், போர் போடும் இடத்தில் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கம்ப்ரசர் காற்று கீழே இறங்கி, பாறையை இடித்துப் பொடியாக்கி, அந்தப் பொடியை மேலே தள்ளுகிறது. ஊற்று கண்ணில் படும்வரை வெளியே வருவது முழுக்கக் காய்ந்த மாவு. கேசிங் பைப்பைச் சுற்றிக் குவியும் அந்த மாவை ஹெல்பர் மண்வெட்டியால் இழுத்து ஒதுக்கிக்கொண்டே இருப்பார். ராடு மாட்டுகிறவர் மூக்கையும் வாயையும் மூடித் துண்டைக் கட்டியிருப்பார். புருவம், இமை, காது மடல் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். தோட்டத்துக்காரர் தண்ணீர் வருகிறதா என்று குழியையே பார்த்துக்கொண்டிருப்பார். ராடு மாட்டுகிறவரின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது.

கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மாவு மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அளவே உள்ள துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பை உண்டாக்குகிறது. துண்டு அதைத் தடுக்காது. வேலைக்குச் சேர்ந்த அன்றோ அடுத்த வருடமோ இது தெரியாது. பத்து, பதினைந்து வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தால் போகாது. இதே தூசு நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே அறிவித்துவிட்டது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம். இதில் பெரிய சிக்கல், எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பது. அதனால் கல் வேலை செய்தவர்களுக்குக் காசநோய் மாத்திரை கொடுக்கப்படுகிறது. இருமல் நிற்காவிட்டால் மறுபடியும் அதே மாத்திரை. நாடு முழுவதும் கல் குவாரிப் பகுதிகளில் திரும்பத் திரும்ப நடந்துவரும் கதை இது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு கேள்வி போதும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்: உங்கள் தொழில் என்ன? முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். தொழில் என்ற இடம் இருந்தாலும் அதில் பெரும்பாலும் 'கூலி' என்று ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கும். கிரஷரில் ஜல்லி உடைப்பவரும் கூலி, நூல் மில்லில் பஞ்சு அள்ளுபவரும் கூலி, கோழிப்பண்ணையில் எரு வாருபவரும் கூலி. மூவரின் நுரையீரலுக்குள் போவதும் வெவ்வேறு என்பது அந்தச் சீட்டில் இருக்காது.

சேலமும் நாமக்கல்லும் சேர்ந்த இந்தச் சமவெளியில் உள்ளதுபோல இத்தனை விதத் தொழில்கள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த நிலப்பகுதி தமிழ்நாட்டில் குறைவு. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். அங்கே வீட்டின் முன்னறைதான் பட்டறை. உருக்குவதும் பற்றவைப்பதும் அமிலத்தில் கழுவுவதும் குழந்தைகள் படிக்கிற, சாப்பிடுகிற அதே கூரைக்கு அடியில் நடக்கின்றன. கருப்பூர், மாமாங்கம் பக்கம் நூறாண்டுக்கு மேலாகத் தோண்டப்பட்ட வெள்ளைக்கல் சுரங்கங்கள். ஆத்தூர் வரை சேகோ ஆலைகளும் அவற்றின் கழிவுநீரும். ராசிபுரம், நாமக்கல் சுற்றிலும் குவாரியும் கிரஷரும். நாமக்கல்லில் லாரி, பாடி கட்டும் பட்டறை, முட்டைக்கோழிப் பண்ணை. பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் விசைத்தறியும் சாயப்பட்டறையும். மேட்டூரில் ரசாயன ஆலைகளும் அனல்மின் நிலையமும். தொழில்சார் நோய்களைப் படிக்க விரும்பும் மாணவருக்குப் பாடநூலின் பெரும்பாலான அத்தியாயங்கள் ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள்ளேயே கிடைத்துவிடும்.

தறியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குமாரபாளையத்துத் தறிக்குடோனுக்குள் நுழைந்தால் முதலில் காதுதான் திணறும். இருபது தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். பழகியவர்கள் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்கு மேல் சத்தம் இருந்தால் காதுக்குக் கேடு என்பது உலகம் ஒத்துக்கொண்ட அளவு. தறிக்கூடங்களில் சத்தம் அதைத் தாண்டித்தான் இருக்கும், இங்கே ஷிப்டும் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம். சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை மெல்லிய, கூர்மையான ஒலிகளில் தொடங்கும். குருவிச் சத்தம் போகும், பேத்தியின் மழலை புரியாமல் போகும். டிவி சத்தத்தைக் கூட்டுவதாக வீட்டில் சண்டை வரும். 'வயசாகிடுச்சு' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள், அவருக்கு வயது நாற்பத்தைந்துதான் இருக்கும். போன காது திரும்பாது. இருக்கிற காதைக் காப்பாற்ற இருபது ரூபாய் ரப்பர் அடைப்பான் ஓரளவு உதவும்.

நூல் மில்லில் பஞ்சு பிரிக்கும் பகுதியிலும் கார்டிங் பகுதியிலும் இதுபோல இன்னொன்று உண்டு. பஞ்சுத் தூசால் வரும் பிஸினோசிஸ் என்ற நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கம் அதிகமாக இருக்கும். நாள் போகப் போகக் குறையும். இங்கிலாந்தின் லங்காஷையர் மில் தொழிலாளர்களிடம் 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் இதைப் பொறுமையாகக் கேட்டுப் பதிந்து நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். எந்தக் கிழமை அதிகமாக இருக்கிறது என்று கேட்கிற மருத்துவருக்குத்தான் இந்த நோய் தெரியவரும். கேட்காதவருக்கு அது வெறும் ஆஸ்துமா.

இப்படிக் கேட்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் நம் மண்ணிலும் இருக்கிறார்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனின் ஆய்வு வாழ்க்கையை நம் மருத்துவ மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், ஊர் திரும்பி எடுத்துக்கொண்ட பொருள் விறகடுப்புப் புகை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நானூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், சமைக்கும் பெண் ஒரு நாளில் எவ்வளவு நுண்தூசைச் சுவாசிக்கிறார் என்று அவருடைய குழு அளந்தது. 2002-இல் அது வெளியானது. அடுப்படிப் புகைக்கும் எண் உண்டு, அதை நகரத்துச் சாலைப் புகையோடு ஒப்பிடலாம் என்று காட்டிய வேலை அது. அதன் பிறகு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்தூசு கூடக் கூடக் குழந்தையின் பிறப்பு எடை குறைவதைக் காட்டினார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் பத்து மைக்ரோகிராம் தூசு கூடினால் எடை சுமார் நான்கு கிராம் குறைகிறது. ஒரு குழந்தைக்கு நான்கு கிராம் அற்பம். இந்தியக் காற்றின் தூசு அளவில், கோடிக்கணக்கான பிரசவங்களில் அது அற்பமில்லை. 2017-ஆம் ஆண்டில் இந்தியாவில் 12.4 லட்சம் இறப்புகள் காற்று மாசோடு தொடர்புடையவை என்று மாநிலவாரியாகக் கணக்கிட்ட ஆய்வறிக்கையின் முதன்மை ஆசிரியரும் அவர்தான்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. விறகடுப்புக்குப் பதிலாக எரிவாயு கொடுத்தால் குழந்தையின் எடை கூடுமா என்று இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் மொத்தம் 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதியை அவருடைய குழு விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் நடத்தியது. 2022-இல் முடிவு வந்தது: புகை நன்றாகக் குறைந்தது, பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதையும் உலகின் முதன்மையான மருத்துவ இதழில் அப்படியே வெளியிட்டார்கள். ஆய்வாளரின் நேர்மை என்றால் இதுதான். அரசுத் திட்டங்களுக்கும் தொழிலாளர் வழக்குகளுக்கும் நம்பகமான சாட்சியாக நிற்க இப்படிப்பட்டவர்களால்தான் முடியும்.

அதே நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் வெக்கையை எடுத்துக்கொண்டார். உப்பளம், இரும்பாலை, செங்கல் சூளை, வயல் என்று வெயிலிலும் உலையருகிலும் வேலை செய்பவர்களின் உடல் சூட்டையும் சிறுநீரகத்தையும் அளந்துவருகிறார். அவருடைய குழு 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், கடும் வெக்கையில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு உள்ளிட்ட ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெக்கை என்பது வெறும் அசௌகரியம், மோர் குடித்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் மாறியதில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு.

இன்னும் பின்னால் போனாலும் நம்மிடம் முன்னோடிகள் இருக்கிறார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் முதுகு வளைந்து, மூட்டு இறுகிப்போன மனிதர்களைப் பார்த்து, அதற்குக் காரணம் கிணற்று நீரிலிருந்த புளோரைடு என்று 1937-இல் எழுதியவர்கள் ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த வேலை அது. பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லில் மஞ்சள் கறை படிந்த குழந்தைகளைப் பார்த்தபோது என்னவென்று நமக்குத் தெரிந்ததும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அந்தத் தொடர்ச்சியில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் தன் ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரி சேகரித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. நம் நாமக்கல்லுக்கு அது எவ்வளவு முக்கியமாகிப்போனது என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1990-களின் பிற்பகுதியில் இந்த மாவட்டம் அதிகப் பாதிப்புள்ள மாவட்டமாகப் பேசப்பட்டது. லாரித் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பதற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் படித்தார்கள். லாரி நிறுத்தங்களிலேயே பரிசோதனை, ஆலோசனை, மருந்து என்று கொண்டுபோனார்கள். பாதிப்பு குறைந்தது. தொழிலையும் நோயையும் சேர்த்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரே சான்று.

அப்படியிருக்க, தறிக்கும் ரிக்குக்கும் பட்டறைக்கும் ஏன் நடக்கவில்லை? முதல் காரணம் தொழிலின் அளவு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸும் பிஸினோசிஸும் இருந்தன, கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். ஆனால், சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை என்றாக வேண்டுமே! 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் இருபது பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. முன்பு பத்து. எட்டுத் தறி, ஐந்து ஆள் என்றிருக்கும் குடோனும், அப்பா, அம்மா, மகன் வேலை செய்யும் கொலுசுப் பட்டறையும் அந்தக் கணக்கில் வராது. இதை நான் பெரிய அநீதியாகவே பார்க்கிறேன். பெரிய ஆலையில் வேலை செய்பவரின் நுரையீரலுக்கு ஒரு சட்டம், முன்னறையில் வேலை செய்பவரின் நுரையீரலுக்குச் சட்டமே இல்லை என்றால் எப்படி?

இரண்டாவது, பயம். ஆய்வு என்று யாராவது கருவியோடு வந்தால் ஓனர் பயப்படுகிறார், அவரைவிடத் தொழிலாளி பயப்படுகிறார். நோய் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வேலை போகும், முன்பணம் திருப்பிக் கேட்பார்கள். பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள் என்ற பேச்சு வரும். இந்தப் பயத்தை ஆய்வாளர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது. பாதி இடங்களில் ஓனரும் அதே தூசைத்தான் சுவாசிக்கிறார், அதே சத்தத்தில்தான் நிற்கிறார். அவரை எதிரியாக நிறுத்திவிட்டு இங்கே எந்த ஆய்வும் நடக்காது. ஒரு குழு இரண்டு மாதம் வந்து அளந்துவிட்டுப் போனால் நம்பிக்கை வராது. இதே ஊரில் வீடு எடுத்து, இதே ரேஷன் கடையில் நின்று, இருபது வருடம் இருப்பவர் கேட்டால் கதவு திறக்கும்.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொடைக்கானல் காட்டியது. அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் போராடினார்கள். 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட்டது 2016-இல். பதினைந்து வருடம்! வேலையில் இருந்த காலத்திலேயே வருடந்தோறும் ரத்தமும் சிறுநீரும் சோதித்து, சார்பற்ற ஒரு கல்லூரியிடம் பதிவு இருந்திருந்தால் இவ்வளவு காலம் வாதாட வேண்டியிருந்திருக்காது.

பள்ளிபாளையத்தையும் குமாரபாளையத்தையும் 2025-இல் நாடே பேசியது, சிறுநீரகம் விற்ற தறித் தொழிலாளர்களால். தரகர்கள்மீது வழக்கு, உயர் நீதிமன்ற உத்தரவில் சிறப்புப் புலனாய்வு என்று அந்தப் பக்கம் போகிறது. நடக்கட்டும். ஆனால், ஒற்றைச் சிறுநீரகத்தோடு, சித்திரை வெக்கையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று தறி ஓட்டுபவரின் உடம்பு என்னவாகும்? வெக்கை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உப்பளத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த பத்து வருடம் இவர்களைக் கூடவே இருந்து கவனிக்கும் ஆய்வு இந்த மாவட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

கோழிப்பண்ணையும் அப்படித்தான். எருவின் அம்மோனியா, தீவனத் தூசு, இறகுத் தூசு என்று நுரையீரலுக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆன்டிபயாடிக். கடைசி ஆயுதமாக மனிதர்களுக்கு வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்தது. மருந்துக்கு மசியாத கிருமி பண்ணையிலிருந்து வெளியே வருமென்றால் முதலில் வருவது அங்கே வேலை செய்பவரின் உடம்பில்தான். நாமக்கல்லில் 1985-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கோழியைப் பார்க்கும் கல்லூரியும் கோழி வளர்ப்பவரைப் பார்க்கும் கல்லூரியும் ஒரே ஊரில் அமைவது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு நிரந்தர ஆய்வுத் துறையைத் தொடங்கத் தடை என்ன?

சேலத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். 1966-இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரியும் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமும் வெள்ளைக்கல் சுரங்கங்களுக்கு அருகே கருப்பூரில்தான் இருக்கின்றன. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும் சேலத்தில்தான். ரிக் வண்டியில் துளைக்கும்போதே காற்றோடு தண்ணீரைச் செலுத்தித் தூசை அடக்க வழி உண்டு. அதை நம் வண்டிகளுக்கு ஏற்றபடி மலிவாகச் செய்துகொடுப்பது பொறியியல் மாணவர்களின் வேலை. செய்த பிறகு நெஞ்சு தேறுகிறதா என்று அளப்பது மருத்துவ மாணவர்களின் வேலை.

அரசு செய்ய வேண்டியதும் எட்டாத உயரத்தில் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியது, தொழிலாளரைத் தேடி மருத்துவம் 2024-இல். வேலை செய்யும் இடத்துக்கே செவிலியர் போகும் அருமையான ஏற்பாடு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதில் முதன்மையாகப் பார்க்கப்படுகின்றன. அதே பையில் மூச்சை ஊதி அளக்கும் கருவி ஒன்றும், காதைச் சோதிக்கும் கருவி ஒன்றும் சேரட்டும். பதிவுத்தாளில் என்ன வேலை, எத்தனை வருடம் என்று இரண்டு வரி சேரட்டும். ராஜஸ்தான் 2019-இல் சிலிக்கோசிஸுக்கென்று கொள்கை வகுத்து, நோய்ச் சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய் தருகிறது. சான்று தர ஆள் இருந்தால்தான் நிவாரணம் தர முடியும். அந்த ஆளை உருவாக்கும் பேராசிரியர் பணியிடங்களைச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அரசு உடனே ஒதுக்க வேண்டும். ஒப்பந்த அடிப்படையில், மூன்று வருடத் திட்டமாகக் கொடுத்தால் பயனில்லை. சிலிக்கோசிஸ் வெளியே தெரியவே பத்து வருடம் ஆகும் என்றால், அதைப் படிப்பவரின் வேலையும் அவ்வளவு காலமாவது நிற்க வேண்டும்.

முதுநிலை மருத்துவம் படிக்கிற ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒருநாள் பள்ளிபாளையத்துக்கோ சிவதாபுரத்துக்கோ போய், ஒரு ஷிப்ட் முடியும்வரை உள்ளே நின்று பாருங்கள். இந்தத் துறையில் பணம் குறைவு, பெயர் தாமதமாகத்தான் வரும், சில கதவுகள் முகத்தில் சாத்தப்படும். ஆனாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு, பட்டம் வாங்கிய பிறகும் இங்கேயே இருங்கள்.